விலங்குகளின் மரபறிவும் கடற்கரை விளக்குகளும்

ஐப்பசித் திங்களில் ஒருநாள், நல்ல மழை பெய்து ஓய்ந்த மாலைப்பொழுதில், விடுதித் தாழ்வாரத்தில் யானும் நண்பர் ஒருவரும் நின்றுகொண்டிருந்தோம். எதிரேயிருந்த புற்றினின்றும் ஈசல்கள் புகை எழுவதுபோல் எழுந்தன. எழுந்தவை வானை நோக்கிச் செல்லவில்லை; நேரே வந்து தாழ்வாரத்து மின்விளக்கைச் சூழ்ந்துகொண்டன. சிறிது நேரத்திற்குள் விளக்கின்கீழே உதிர்ந்த சிறகுகள் சருகுபோற் குவிந்தன. சுவர்ப் பல்லிகள் இறங்கி வந்து வயிறார உண்டன. எங்கிருந்தோ தவளைகளும் வந்து சேர்ந்தன. அதனைக் கண்ட நண்பர், "சாவதற்கென்றே வரிசையாய் வருகின்றனவே! இயற்கை இவற்றிற்கு அணுவளவு அறிவேனும் கொடுத்திருக்கலாகாதா?" என்றார். அவர் உயிர்நூல் பயில்பவர். அவர் வாயினின்றும் இச்சொல் வந்தமையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

நண்பர் கேட்ட கேள்வி பிழையான இடத்தினின்றும் எழுந்தது என்பது என் கருத்து. ஈசலினிடத்துக் குறையொன்றுமில்லை. அதன் பறத்தலில் அமைந்துள்ள ஒழுங்கு, மின்விளக்கென்னும் பொருள் உலகில் இல்லாத நெடுங்காலத்தில் அமைந்தது. 2024ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் சிலர் மிகு விரைவிற் படமெடுக்கும் கருவிகளைக் கொண்டு, விளக்கைச் சுற்றும் பூச்சிகளின் பறப்பை நுணுகி நோக்கி, ஒரு செய்தியை வெளியிட்டனர். பூச்சிகள் பலவும் விளக்கை விரும்பி அதனை நோக்கிச் செல்வதில்லையாம். தம் முதுகை ஒளியின் பக்கம் திருப்பிக்கொள்கின்றனவாம். இரவில் வானமே நிலத்தினும் ஒளியுடையது. ஆதலின், முதுகை ஒளியின் பக்கமாக வைத்துப் பறக்கும் பூச்சி தலைகீழாகாமல் நேரே பறக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இவ்விதி பூச்சிகளைக் காத்துவந்தது. பக்கத்தில் ஒரு விளக்கு எரியும்போது அதே விதி அவற்றைச் சுற்றிச் சுற்றி வரச்செய்து வீழ்த்துகின்றது. விதி மாறவில்லை, உலகம் மாறிற்று. மாற்றியவர் நாம்.

உயிர்களின் நடத்தையைக் கண்டவிடத்து அதனை அறிவென்றாவது மடமையென்றாவது பெயரிட்டுவிடுவது நம்மவர்க்கு நெடுநாளைய வழக்கம். நரி தந்திரமுடையது, காக்கை ஏமாளி, எறும்பு உழைப்பாளி என்று சிறுபருவத்திற் படித்த கதைகள் கல்லூரிக்கு வந்த பின்னரும் நம்மை விட்டபாடில்லை. கதையளவில் இவற்றால் தீங்கில்லை. ஆனால், ஓர் உயிரினம் வாழ்வதும் அழிவதும் நம் தீர்மானத்தைப் பொறுத்திருக்கும்போது, இக்கதையறிவு நம்மைப் பெரிதும் தவறான முடிவிற்குக் கொண்டுபோய்விடும். அவ்வாறான முடிவொன்றைப் பற்றியே யான் கூற வந்தது. அதற்குமுன், நடத்தை என்பது எங்ஙனம் அமைகின்றது என்பதை நம் வளாகத்திலேயே காண்பது நலம்.

நம் கல்லூரி 1937ஆம் ஆண்டில் நகரத்தினின்றும் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. அன்று இங்கிருந்தது சேலையூர்ப் பக்கத்துப் புதர்க்காடே. வேதியியற் பேராசிரியராயிருந்தும் செடிகொடிகளிலேயே மனத்தைச் செலுத்திய எட்வர்டு பார்ன்சு முதலியோரின் உழைப்பால் ஏறத்தாழ 365 ஏக்கர் நிலம் இன்றும் மரஞ்செறிந்து நிற்கின்றது. இம்மரங்களிற் சித்திரை வைகாசியில் காக்கைகள் கூடு கட்டும். அதே பருவத்திற் குயில்கள் ஓயாமற் கூவும். விடுதியில் தேர்வுக்குப் படிப்போர் குயிலின் குரலை இனிதென்று கொள்வதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு அதனைக் கேட்டவர் யாரும் அவர்களைக் குறைகூறார். அஃது இருக்க.

குயில் கூடு கட்டுவதில்லை என்பதும், காக்கையின் கூட்டில் முட்டையிடுகின்றது என்பதும் யாவரும் அறிந்தவை. ஆண்குயில் கூட்டின் பக்கத்தில் வந்து தன்னைக் காட்டும். காக்கைகள் சினந்து அதனைத் துரத்திச் செல்லும். அவ்வேளையிற் பெண்குயில் கூட்டிற் புகுந்து முட்டையிட்டு வெளியேறும் என்பர் பறவை நூலார். குயில் முட்டை காக்கை முட்டையினும் சிறிதேயாயினும், நிறத்திலும் புள்ளியிலும் அதனைப் பெரிதும் ஒத்திருக்கும். காக்கைக் குஞ்சுகளுக்குச் சில நாள் முன்னதாகவே குயிற் குஞ்சு பொரிந்து வாயைத் திறந்துவிடும். முன்னே பொரிந்தமையால் உணவிற்கு முந்தும்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. மேனாட்டுக் குயிலின் குஞ்சு, கண் திறவாத பருவத்திலேயே தன்னோடுள்ள முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகிலேற்றிக் கூட்டினின்றும் வெளியே தள்ளிவிடும். அம்மை குத்தும் முறையைக் கண்ட எட்வர்டு ஜென்னரே 1788ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் விளங்க எழுதியவர். நம் நாட்டுக் குயிற் குஞ்சு அங்ஙனம் செய்வதில்லை. காக்கைக் குஞ்சோடு ஒரே கூட்டில் வளர்வதும் உண்டு. நம் குயில் இரக்கமுடையது, அயல்நாட்டுக் குயில் கொடியது என்று கூறலாமா? கூறலாகாது. காக்கைக் குஞ்சு உருவத்திற் பெரியது, தள்ளுவது எளிதன்று. காக்கையும் ஒன்றுக்கு மேற்பட்ட குஞ்சுகளுக்கு இரைதேடித் தரவல்ல பறவை. தள்ளும் முயற்சியால் வரும் ஊதியத்தினும் செலவு மிகுமிடத்துத் தள்ளாத குஞ்சே தழைக்கும். இரக்கம் என்பதற்கு இங்கே வேலையில்லை.

காக்கையை ஏமாளி என்பதும் அத்தகையதே. வளர்ந்த குயிலைக் கண்டவிடமெல்லாம் காக்கைகள் துரத்துகின்றன. ஆனால் அக்குயிலின் குஞ்சுக்கு இரையூட்டுகின்றன. இதனைக் கண்டு நகைப்பவர், காக்கையின் நிலையில் தம்மை வைத்து எண்ணிப் பார்க்கவேண்டும். 'என் கூட்டிலிருந்து திறக்கும் வாய்க்கு இரை கொடு' என்பது ஒரு விதி. 'திறக்கும் வாயை முதலில் ஆராய்ந்து, ஐயம் தோன்றின் பட்டினியிடு' என்பது மற்றொரு விதி. இரண்டாவது விதியையுடைய காக்கை, குயிற் குஞ்சை ஒழிப்பதோடு, நிறத்தில் சற்று வேறுபட்ட தன் குஞ்சையும் ஒருநாள் ஒழித்துவிடும். எல்லாக் கூட்டிலும் குயில் புகுவதில்லை. எல்லாக் கூட்டிலும் தன் குஞ்சுகள் இருக்கும். ஆகவே பல தலைமுறைகளின் கணக்கில் முதல் விதியையுடைய காக்கைக்கே மிகுதியான வழித்தோன்றல்கள் எஞ்சியிருத்தல் கூடும். நாம் காணும் காக்கைகள் அவற்றின் மரபினவே. ஏமாற்றப்படுதல் இங்கே ஒரு செலவு, அவ்வளவே.

இதுதான் டார்வினும் வாலஸும் 1858ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்த இயற்கைத் தேர்வு. ஓரினத்துள்ளே ஒவ்வோர் உயிரும் சிறிது சிறிது வேறுபட்டிருக்கும். அவ்வேறுபாட்டிற் சில, பெற்றோரிடமிருந்து மக்களுக்கு வரும். அவற்றுள் எவை மிகுதியான மக்களை எஞ்சச்செய்கின்றனவோ அவை அடுத்த தலைமுறையிற் பெருகும். இதற்குமேல் இதில் மறைபொருள் யாதும் இல்லை. அலகின் நீளத்திற்கும் சிறகின் நிறத்திற்கும் இது பொருந்துவதுபோலவே, எதனைக் கண்டு அஞ்சுவது, எதனை நோக்கிச் செல்வது, எவ்வேளையில் வெளிவருவது என்னும் நடத்தைக்கும் பொருந்தும். 1859இல் வெளிவந்த தம் பெருநூலில் டார்வின் இயல்பூக்கத்திற்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கி, குயிலையும் தேனீயின் அடையையும் அதில் ஆராய்ந்திருக்கின்றார்.

இயற்கைத் தேர்விற்கு முன்னோக்கு இல்லை. இனத்தின் நன்மை என்னும் எண்ணமும் இல்லை. விலங்குகள் தம் இனம் தழைக்கும்பொருட்டே எதனையும் செய்கின்றன என்று இன்றும் நம் மாணவர் பலர் விடைத்தாளில் எழுதுகின்றனர். தார்வார்க் காடுகளில் 1960களின் தொடக்கத்தில் சுகியாமா என்னும் சப்பானிய அறிஞர் கருங்குரங்கல்லாத கருமுக முசுக்களை ஆராய்ந்தார். புதிதாகக் கூட்டத்தைக் கைப்பற்றிய ஆண் முசு, பழைய தலைவனுக்குப் பிறந்த குட்டிகளைக் கொன்றுவிடுவதை அவர் கண்டார். பின்னர் ஆபு மலையில் சாரா ஹர்டி என்னும் அம்மையார் இதனை விரிவாக ஆராய்ந்து, குட்டியை இழந்த தாய் விரைவிற் கருவுறும் நிலையெய்துவதால் புதிய ஆணின் மரபே இதனாற் பெருகுகின்றது என்று விளக்கினார். இனத்திற்கு இதனால் நட்டமே. தேர்வு அதனைப் பொருட்படுத்தவில்லை. நேற்று எது மக்களை மிகுதியாக எஞ்சச்செய்ததோ அதுவே இன்று நிற்கின்றது. நாளை என்ன வரும் என்பது அதற்குத் தெரியாது.

கிண்டிக் காட்டின் வெளிமானைப் பாருங்கள். மணிக்கு எண்பது கிலோமீட்டர் அளவு ஓடவல்லது. அத்துணை விரைவு நாய்க்கும் நரிக்கும் அஞ்சி அமைந்ததென்று தோன்றவில்லை. முன்னாளில் அதனை வேட்டையாடிய சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போயிற்று என்று 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் ஆப்பிரிக்காவினின்றும் கூனோவிற்குக் கொணரப்பட்டவை வேறு. கிண்டி மானின் கால்கள் அவ்வறிவிப்பை அறியா. இல்லாத பகைக்கு அஞ்சி இன்றும் அவை ஓடுகின்றன. மானுக்கு இதனால் தீங்கு பெரிதில்லை. பழைய விதி இன்று கொல்லும் விதியாக மாறியிருக்கும் இடம் வேறொன்று உண்டு. அது நம் தாம்பரத்திற்குக் கிழக்கே, பள்ளிக்கரணைச் சதுப்பைக் கடந்தால் ஒருமணி நேரப் பயணத்தில் எட்டும் கடற்கரை.

திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று தெற்கே செல்லும் அம்மணற்கரையில் ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரை கடலாமைகள் இரவில் ஏறி வந்து முட்டையிடுகின்றன. பங்குனி ஆமை என்பது நம் பக்கத்து வழக்கு. ஆலிவ் ரிட்லி என்பது நூல்வழக்கு. தாயாமை பின்னங்கால்களால் ஒன்றரையடி ஆழத்திற்குக் குழி பறித்து, நூறு முட்டைகள் அளவில் இட்டு, மணலால் மூடி, தன் உடலால் அவ்விடத்தைத் தட்டிச் சமன்செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும். மீண்டும் அம்முட்டைகளை அது பார்ப்பதில்லை. மணலின் வெம்மையே அடைகாக்கின்றது. அவ்வெம்மையே குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் முடிவுசெய்கின்றது. வெம்மை மிகின் பெண். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சுகள் பொரிந்து, ஒன்றையொன்று உந்தி மேலேறி, மணலின் மேற்புறத்திற்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். மேல்மணல் குளிர்ந்த பின்னரே வெளிவரும். பகலில் வெளிவந்த குஞ்சு சுடுமணலில் வெந்திருக்கும். அல்லது காக்கையும் பருந்தும் கொண்டுபோயிருக்கும். மணல் குளிரும் வரை காத்த குஞ்சுகளின் மரபே இன்று இருப்பது.

வெளிவந்த குஞ்சு கடல் எத்திசையில் உள்ளது என்பதை எங்ஙனம் அறிகின்றது? சொல்லித்தரத் தாய் இல்லை. அலையோசை வழிகாட்டும் என்று பலர் நினைக்கின்றனர். குஞ்சின் கண்ணை மறைத்துவிட்டால் அது திசையறியாமற் சுழலும் என்பதைச் சோதனையாற் கண்டிருக்கின்றனர். கண்ணே அதற்கு வழிகாட்டி. இரவில் நீர்ப்பரப்பின்மேல் விண்மீனொளியும் நிலவொளியும் படிந்து, கடற்பக்கத்துத் தொடுவானம் தாழ்ந்தும் ஒளியுற்றும் இருக்கும். நிலத்தின் பக்கம் மணல்மேடும் தாழையும் சவுக்கும் உயர்ந்து இருண்டிருக்கும். 'உயர்ந்த இருளை விட்டுத் தாழ்ந்த ஒளியை நோக்கிச் செல்' என்பது குஞ்சின் விதி. கடலாமைகள் உலகில் தோன்றிப் பத்துக்கோடி ஆண்டுகளுக்கு மேலாயின. அக்காலமெல்லாம் இவ்விதி பொய்த்ததில்லை.

சென்னையின் கடல் கிழக்கே உள்ளது. நகரம் மேற்கே உள்ளது. இன்று எது ஒளியுடையது?

ஐம்பது ஆண்டுகளுக்குமுன் நீலாங்கரைப் பக்கம் மீனவர் குப்பங்களும் தோப்புகளுமே இருந்தன என்பதை அங்குள்ள முதியோர் கூறுவர். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையும், அதனையொட்டிய மாளிகைகளும், உணவுச்சாலைகளும், உயர்ந்த கம்பங்களில் வெள்ளொளி வீசும் விளக்குகளும் கரைமுழுதும் நிறைந்துள்ளன. மணலை விட்டு எழுந்த குஞ்சு தன் விதியைப் பிழையாமற் பின்பற்றி விளக்கை நோக்கி ஊர்கின்றது. சாலையேறியது வண்டியில் நசுங்குகின்றது. சாலைக்கு வராதது நாய்க்கும் நண்டிற்கும் இரையாகின்றது. எதற்கும் அகப்படாதது விடிந்தபின் வெயிலில் உலர்கின்றது. தாம்பரத்தில் இருக்கும் நாம் இதில் குற்றமற்றவர் என்று கருதவேண்டா. கரையிலிருந்து மேற்கே நோக்கின் வானத்தின் அடியில் மஞ்சள் படர்ந்து தெரிகின்றதே, அதில் நம் விடுதி விளக்கும் ஒரு துளி.

இதனை எடுத்துச்சொல்லும்போதெல்லாம் கேட்கப்படும் மறுமொழி ஒன்றுண்டு. "விலங்குகள் பழகிக்கொள்ளும், காக்கையும் மைனாவும் அணிலும் நகரத்திற்குப் பழகவில்லையா?" என்பர். கற்றவரே இங்ஙனம் கூறுகின்றனர். பழகிக்கொள்ளுதல் என்னும் ஒரு சொல்லில் இருவேறு செயல்களைக் குழப்பிக்கொள்வதால் வரும் பிழை இது.

காக்கை பழகிக்கொண்டது உண்மையே. சுள்ளி கிடைக்காத இடத்தில் இரும்புக் கம்பியால் கூடு கட்டுகின்றது; குப்பைவண்டி வரும் நேரத்தை அறிகின்றது. தன் வாழ்நாளிலேயே கண்டும் பட்டும் கற்றுக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. அவ்வாற்றலும் தேர்வு தந்ததே. பலவகை உணவை உண்டு, பல ஆண்டு வாழ்ந்து, கூட்டமாய் உறையும் பறவைக்கு அவ்வாற்றல் பயன்பட்டது. ஆமைக் குஞ்சிற்கோ கற்பதற்கு ஆசிரியரும் இல்லை, இரண்டாம் வாய்ப்பும் இல்லை. பிறந்த இரவில் ஒருமுறை திசை தேர்கின்றது. தவறின் இறக்கின்றது. இறந்த பின்னர்க் கற்பதெங்ஙனம்?

அங்ஙனமாயின் இனம் முழுதும் தலைமுறை தலைமுறையாக மாறாதோ எனின், அதற்கு இரண்டு வேண்டும்: ஒளியை நாடாத குஞ்சுகள் சிலவேனும் முன்னரே இருத்தல் வேண்டும், அவை பெருகுவதற்குக் காலமும் வேண்டும். ஒளியை நாடாத குஞ்சு விளக்கில்லாத கரையில் பிறந்திருந்தால் அன்றே அழிந்திருக்கும். ஆதலின் அத்தகையவை இருப்பின் மிக அரியவே. காலத்தைக் கணக்கிடுவோம். பங்குனி ஆமை பருவமெய்திக் கரைக்குத் திரும்பப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் செல்லும். நீலாங்கரையை நாம் மாற்றிய ஐம்பது ஆண்டுகள் ஆமையின் கணக்கில் மூன்று நான்கு தலைமுறை. பத்துக்கோடி ஆண்டுகளில் எழுதப்பட்டதை மூன்று தலைமுறையில் அழித்து எழுதச்சொல்லுகின்றோம். மேலும், ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து பருவமெய்தும் என்பர். விளக்கு இல்லாதபோதே அக்கணக்கு. பெண்ணாமைகள் தாம் பிறந்த கரைப்பக்கத்திற்கே மீள்வன. சென்னைக் கரையிற் பிறப்பவை சில ஆண்டுகள் தொடர்ந்து அழிந்தால், திரும்பி வருவதற்கு ஆமை இராது. திருந்துவதற்கு மரபும் இராது. தேர்வு என்பது சாவினால் நடைபெறும் செயல். "பழகிக்கொள்ளும்" என்று நாம் எளிதாகச் சொல்லும்போது, "பெரும்பாலானவை சாகட்டும்" என்பதையே வேறு சொல்லாற் சொல்லுகின்றோம்.

இதனை உணர்ந்தவர் நம் நகரத்தில் இல்லாமலில்லை. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேகரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்தோரும் இரவிற் கரைவழி நடந்து முட்டைகளைத் தேடிக் காக்கத் தொடங்கினர். கிண்டியிலுள்ள தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராயிருந்த சதீஷ் பாஸ்கர் என்பார் படிப்பை விட்டு, இந்தியக் கடற்கரைகளையெல்லாம் ஆமைக்காகவே காலால் அளந்தார், 2023இல் காலமானார். 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் நீலாங்கரையினின்றும் பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து, முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து, பொரிந்த குஞ்சுகளை நீரோரத்தில் விடுகின்றது. வனத்துறையாரும் பொரிப்பகங்கள் அமைத்துள்ளனர். தூக்கத்தை விட்டு மணலில் கால்புதைய நடக்கும் இவ்விளைஞர்களை யான் பெரிதும் மதிக்கின்றேன். நம் கல்லூரியினின்றும் இன்னும் பலர் செல்லவேண்டும்.

ஆயினும் பொரிப்பகம் மருந்தன்று. வலி தணிக்கும் கட்டு. கண்ணிற் படாத கூடுகள் எத்தனையோ. கூட்டைக் காணாமல் விட்ட இடத்தில் குஞ்சு விளக்கை நோக்கியே செல்லும். பொரிப்பகத்தால் தேர்வு தளர்ந்து, நல்ல இடம் பார்த்து முட்டையிடும் திறன் ஆமைகளிடத்துக் குன்றிவிடுமோ என்று அறிஞர் சிலர்க்கு ஓர் ஐயம் உண்டு. நியாயமான ஐயமே. நாய்க்கூட்டமும் விளக்குமாயுள்ள கரையில் எந்த இடம் நல்ல இடம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஆமை நன்கு தேர்வதற்குரிய கரையை முதலில் நாம் திருப்பித் தரவேண்டும்.

கரைக்கு வருமுன்னரே தாயாமைகள் சாவதும் உண்டு. 2025ஆம் ஆண்டு சனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதைப் பலர் நேரிற் கண்டோம். இழுவலையிற் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வரமுடியாமல் மூழ்கி இறக்கின்றது. காற்றை உட்கொள்ள அடிக்கடி மேலேறவேண்டும் என்பதும் பழைய விதிதான். வலையைத் தேர்வு கண்டதில்லை. கிழக்குக் கரையில் ஏப்பிரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடை வரும்போது முட்டையிடும் பருவம் பெரிதும் முடிந்துவிடுகின்றது. வலையில் ஆமை வெளியேறும் வழி வைக்கும் கருவி உண்டு. ஆயின் அது மீனவர் பிழைப்போடு பிணைந்த செய்தி. கட்டுமரத்தில் செல்லும் எளியோரை இதிற் குற்றஞ்சாட்டுவது முறையன்று. அதனை ஆராயத் தனிக்கட்டுரை வேண்டும்.

விளக்கின் செய்தி அத்துணைச் சிக்கலுடையதன்று. ஒருவர் பிழைப்பும் அதனாற் கெடாது. எனவே அதில் நாம் காட்டும் சோம்பலுக்கு மன்னிப்பில்லை என்பேன். முட்டையிடுதல் தையில் தொடங்கிப் பொரித்தல் வைகாசி வரை நடைபெறுகின்றது. அம்மாதங்களில் மணலை நோக்கும் விளக்குகளை இரவு பத்து மணிக்குமேல் அணைத்துவிடலாம். அணைக்கவொண்ணாத இடத்தில் விளக்கைத் தாழ்த்திக் கட்டி, கடற்பக்கம் மறைப்பு இடலாம். வெள்ளையும் நீலமும் கலந்த ஒளியே குஞ்சுகளை மிகுதியாக ஈர்க்கின்றது. செம்மஞ்சள் ஒளியில் அவ்வீர்ப்புக் குறைவு. மாளிகைக்காரர் தம் மாடத்தில் திரையிட்டுக்கொள்ள யாரும் தடைசொல்லார். தாழையும் அடும்பும் மணல்மேட்டில் மீண்டும் படர விட்டால் நிலத்தின் பக்கம் பழைய இருள் ஓரளவு திரும்பும்.

இரவிற் கரையில் உலவுவோர்க்குக் காவல் வேண்டாமோ என்று கேட்பர். வேண்டும். பெண்டிரும் முதியோரும் அஞ்சாது நடக்கவேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடில்லை. ஆனால் உலவுவோர் நடப்பது நடைபாதையில். நம் விளக்குகளிற் பாதி மணலையும் அலையையும் நோக்கி நிற்கின்றன. அவ்வொளியில் நடப்பவர் எவருமிலர். பாதையை நோக்கி விளக்கைத் திருப்புவதனால் நடப்பவர்க்கு ஒளி கூடுமேயன்றிக் குறையாது.

விடுதியில் அன்று கண்ட ஈசலைப் பற்றியும் ஒரு சொல். மறுமழையின்போது நண்பரே எழுந்து சென்று தாழ்வாரத்து விளக்கை அணைத்தார். உள்ளே படித்துக்கொண்டிருந்த ஒருவர் இருட்டைக் கண்டு கூச்சலிட்டார். அவர் கூச்சல் அடங்குவதற்குள் சுற்றிக்கொண்டிருந்த ஈசல்கள் கலைந்து மரங்களுக்குமேலே எழும்பிவிட்டன. எத்தனை பிழைத்தனவோ அறியோம். பல்லிகள் மட்டும் வெறுஞ்சுவரில் நெடுநேரம் காத்திருந்தன.